வீட்டில் இசைவிழா: பெரிய ஸ்பீக்கரா, ஹெட்போனா, நண்பர்களின் நேரடிக் கச்சேரியா?

வீட்டிலேயே இசைவிழா பாணியில் ஒரு பார்ட்டி வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே எல்லோரும் அலங்காரத்தில் இறங்கிவிடுகிறோம். கைப்பட்டை, கொடித் தோரணம், சர விளக்கு, மேடைக்கு ஒரு பெயர், யார் எத்தனை மணிக்குப் பாடுகிறார் என்று எழுதி மாட்டும் பலகை. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவற்றில் எதைச் சேர்த்தாலும் விட்டாலும் விழா பெரிதாக மாறிவிடாது. பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மாறும். எத்தனை பேரை அழைக்கலாம், எத்தனை மணிவரை நடத்தலாம், வந்தவர்கள் ஆடுவார்களா, உட்கார்ந்து கேட்பார்களா, ஒருவரோடொருவர் பேச முடியுமா, எல்லாமே அந்த ஒன்றைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் இதை முடிவு செய்ய வேண்டி வந்தபோது முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பெரிய பார்ட்டி ஸ்பீக்கரை வைத்து முன்பே தொகுத்த பாடல் வரிசையை ஓடவிடுவது. ஆளுக்கொரு வயர்லெஸ் ஹெட்போன் கொடுத்து ‘சைலன்ட் டிஸ்கோ’ நடத்துவது. வாசிக்கவும் பாடவும் தெரிந்த நண்பர்களை ஒரு சின்ன மேடையில் ஏற்றிவிடுவது. மூன்றாவதைத்தான் எடுத்தோம். இன்னொரு முறை வைத்தாலும் அதையேதான் எடுப்பேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தபிறகே மேலே படியுங்கள்.

பெரிய ஸ்பீக்கரின் நன்மைகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்தால் வரிசை தயார். பிளக்கைச் செருகினால் பாட்டு. யாருக்கும் குரல் கட்டாது, யாரும் கடைசி நேரத்தில் வரமுடியவில்லை என்று சொல்லமாட்டார்கள். ஆட வேண்டும் என்று வருபவர்களுக்கு இதுதான் சரி. ஆனாலும் நான் இதை ஒதுக்கியதற்கு ஒரே காரணம், பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலி.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டு விழாக்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். 1000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் எலக்ட்ரானிக் இசையின் அடித்தளமும் குடியிருக்கும் 50 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 7 மீட்டர், பல வீடுகளில் ஹாலின் நீளத்தைவிட அதிகம். இந்த அலையைச் சுவர் தடுப்பது மிகவும் கடினம். அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ஒரு சாதாரணச் சுவர் தடுக்கும் அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறைந்துகொண்டே போகும். பாடகரின் குரல் சுவரோடு நின்றுவிடும், தரையும் சுவரும் சேர்ந்து அதிரும் அந்த ‘தம் தம்’ மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரும். அங்கே இருப்பவருக்குப் பாட்டும் இல்லை, வரியும் இல்லை. மணிக்கணக்கில் யாரோ சுவரை இடிக்கிற உணர்வுதான். உள்ளே இருக்கும் நமக்கோ ‘அப்படியொன்றும் சத்தமாக இல்லையே’ என்றுதான் தோன்றும். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், இரண்டு பேரும் கேட்பது வேறு வேறு ஒலியை.

சத்தத்தைக் குறைத்துவிட்டால் போதாதா என்றால், அங்கேதான் காது நம்மை மாட்டிவிடுகிறது. ஒலி அளவு குறையும்போது மனிதக் காது மற்ற ஒலிகளைவிட பேஸை இன்னும் குறைவாகவே உணரும். எனவே சத்தத்தைக் குறைத்ததும் பாட்டு சப்பென்று ஆகிவிடும், உடனே யாராவது எழுந்து போய் பேஸ் குமிழை மட்டும் திருகுவார்கள். கூட்டம் பெருகப் பெருக இன்னொன்றும் சேரும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். பேச்சு உயர்ந்தால் பாட்டை உயர்த்துவோம், பாட்டை உயர்த்தினால் பேச்சு இன்னும் உயரும். மாலையில் ஆறு மணிக்கு வைத்த அளவு பத்து மணிக்கு அதே அளவில் இருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை.

தோட்டத்தில் அல்லது மாடியில் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். ஆனால் காதுக்குப் ‘பாதிச் சத்தம்’ என்று படவே 10 டெசிபெல் குறைய வேண்டும். வீட்டளவில் கிடைக்கும் சில மீட்டர் நகர்த்தலால் பெரிய பயன் கிடைக்காது.

இந்த வழிதான் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு, பெரிய விழாக்கள் செய்வதையே செய்யச் சொல்வேன். அங்கே மேடைக்குப் பக்கத்தில் மட்டும் ஸ்பீக்கரைக் குவிப்பதில்லை. கூட்டத்தின் நடுவே ஆங்காங்கே கோபுரங்கள் எழுப்பி, மேடையிலிருந்து வரும் ஒலி அங்கே வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்பத் தாமதித்து ஒலிக்க விடுகிறார்கள். 100 மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 0.29 விநாடி ஆகும், அவ்வளவு தாமதம். வீட்டில் தாமதக் கணக்கு தேவையில்லை, கொள்கை மட்டும் போதும்: ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாகக் கேட்பவருக்கு அருகில் மூன்று நான்கு சின்ன ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் மெதுவாகவே பாடும், ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும். அறை மூலையில் வைக்காதீர்கள், மூலை பேஸைப் பெருக்கும். தரையில் நேராக வைக்காமல் தடித்த ஃபோம் அல்லது ரப்பர் மேல் வையுங்கள், குறிப்பாகக் கீழே இன்னொரு குடும்பம் இருந்தால். விருந்தினர் வருமுன் உங்களுக்குப் பிடித்த அளவில் பாட்டை ஓடவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு வெளியே போய் எல்லைச் சுவரருகே நின்று பேஸை மட்டும் கேளுங்கள். அங்கே கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு, குமிழின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிக் குறி வைத்துவிடுங்கள்.

ஹெட்போன் வழி இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்கிறது. அதுவே பிறந்த காரணங்களில் ஒன்று இரவு ஒலிக் கட்டுப்பாடுதான். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் 2005-இல் நடந்த சைலன்ட் டிஸ்கோவுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. ஒரு டிரான்ஸ்மிட்டர், அதிலிருந்து ரேடியோ அலையில் வரும் இரண்டு அல்லது மூன்று சேனல்கள், ஹெட்போனின் பொத்தானை அழுத்தினால் சேனல் மாறும், கூடவே விளக்கின் நிறமும் மாறும். நீல விளக்குக்காரர்கள் ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள், சிவப்பு விளக்குக்காரர்கள் இன்னொன்றுக்கு. ஒரே அறையில் மூன்று மேடை. இசைவிழாவின் உயிரே ‘இங்கே போவதா, அங்கே போவதா’ என்ற அலைச்சல்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வீட்டில் கிடைக்காது.

அவரவர் வைத்திருக்கும் புளூடூத் ஹெட்போனைக் கொண்டுவரச் சொன்னால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பழைய புளூடூத் ஒரு கருவியிலிருந்து ஓரிரு ஹெட்போனுக்குத்தான் பாட்டை அனுப்பும். ஒரே கருவியிலிருந்து பலருக்கு ஒலிபரப்பும் ஆராகாஸ்ட் முறை வந்துவிட்டது, ஆனால் அனுப்பும் கருவி, கேட்கும் கருவி இரண்டுமே அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். எல்லா விருந்தினரிடமும் அது இருக்கும் என்று நம்பி விழா வைக்க முடியாது. ஆகவே மொத்தமாக வாடகைக்கு எடுப்பதே வழி. வந்ததும் ஒவ்வொன்றையும் சார்ஜ் ஏற்றிச் சோதிக்க வேண்டும், எண்ணிக்கைக்கு மேல் சில கூடுதலாக வைத்திருக்க வேண்டும்.

காதுக்குள் எவ்வளவு சத்தம் போகிறது என்பதும் விருந்தளிப்பவர் கையை விட்டுப் போய்விடும். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு 1 மணி நேரம், 100-க்கு 15 நிமிடம். குழந்தைகள் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கான ஹெட்போன்களின் ஒலி அளவை முன்பே குறைத்துக் கொடுங்கள்.

இந்த வழியைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ள வேண்டும். விருந்தினராகப் போய்க் கேட்டிருக்கிறேன், நானே நடத்தியதில்லை. போன இடத்தில் எனக்குப் பட்டது இதுதான்: ஆடுகிறவர்கள் வேறு உலகத்தில் இருந்தார்கள், ஆடாதவர்கள் வெறும் அறையில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரானிக் இசையில் ஊறிய நண்பர் கூட்டமாக இருந்தால் இந்த இடைவெளி இல்லாமலே போகலாம். எங்கள் கூட்டம் அப்படிப்பட்டது அல்ல. பாதிப் பேர் பேச வருகிறவர்கள்.

இப்போது நாங்கள் எடுத்த வழி. கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, அதுவும் மெல்லியதாக. மனிதக் குரலின் பலம் அதற்கும் வெகு மேலே. அதாவது சுவரைக் கடந்து போகும் அந்தப் பகுதியே இந்த இசையில் மிகக் குறைவு. எதையும் வெட்டாமல், யாரையும் ‘குறைங்கப்பா’ என்று சொல்லாமல், ஒலிச் சிக்கல் தானாகவே அடங்கிவிடுகிறது. மொத்த முடிவும் எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் உறுதியானது. டிரம் செட் மட்டும் விதிவிலக்கு. ஒலிபெருக்கி இல்லாமலே காதைப் பிளக்கும். தாளத்துக்கு உட்கார்ந்து கையால் தட்டும் கஹோன் பெட்டி போதும்.

இருபது பேர் வரைக்கும், உள்ளறையில், மைக்கே இல்லாமல் நடத்தலாம். அதற்கு மேல் போனால் குரலுக்கு மட்டும் ஒரு மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர். ஸ்பீக்கர் பாடகருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். மைக்கின் முதுகு ஸ்பீக்கர் பக்கம் இருக்கட்டும். மேடைகளில் பயன்படுத்தும் வழக்கமான மைக் பின்பக்க ஒலியை வாங்காதபடி வடிவமைக்கப்பட்டது. மைக் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் அதன் கம்பிவலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். அந்தத் தலைக்குப் பின்னால் இருக்கும் திறப்புகள்தான் பின்னாலிருந்து வரும் ஒலியை விலக்குகின்றன. கை மூடியதும் எல்லாத் திசையும் உள்ளே வந்து ‘கீ...’ என்று அலறும். ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ‘கையை எடுத்துடுங்க’ என்று சொன்னாலே பாதித் தொல்லை தீரும். கேபிளைச் சுவரோரமாக ஓட்டித் துணி டேப்பால் ஒட்டிவிட்டால் மீதியும் தீரும்.

மேடை என்று உயரமாக எதுவும் வேண்டாம். ஒரு கம்பளம், மேலிருந்து ஒரு விளக்கு, பின்னால் ஒரு துணி. கம்பளத்தில் ஏறி நின்றதும் பேச்சு தானாகக் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது நேரம். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறி, கம்பியைச் சுருதி சேர்த்து, ‘கேக்குதா, கேக்குதா’ என்று சொல்லும் இடைவெளியில்தான் கூட்டம் கலையும். அந்த நேரத்துக்கு மட்டும் மெல்லிய பாடல் வரிசை ஒன்று ஓடட்டும். ஒருவருக்கு இருபது நிமிடம் தாராளம். முழுப் பாட்டையும் ஒத்திகை பார்க்க நேரமில்லாவிட்டாலும், எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்ற இரண்டையும் சேர்ந்து பார்த்துவிடச் சொல்லுங்கள். நடுவில் தடுமாறினால் யாரும் கவனிப்பதில்லை, முடிக்கத் தெரியாமல் சுற்றும்போதுதான் எல்லோருக்கும் தெரியும்.

வரிசை அமைப்பதில் அமெரிக்காவில் 1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் இசைவிழாவே பாடம். போக்குவரத்து நெரிசலில் மற்ற கலைஞர்கள் வந்துசேர முடியாததால் பாடகர் ரிச்சி ஹேவன்ஸ் முதலில் ஏறினார், ஆள் வரும்வரை திரும்பத் திரும்ப மேடைக்கு அனுப்பப்பட்டார், பாட்டுகள் தீர்ந்ததும் மேடையிலேயே புதிதாகப் புனைந்து பாடினார். அப்படி ஒரு கிட்டாரோடு எப்போது கேட்டாலும் ஏறக்கூடிய ஒருவரை முன்கூட்டியே பேசிவையுங்கள். அதே விழாவில் நிறைவு நிகழ்ச்சிக்கு வைத்திருந்த கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், கால அட்டவணை சரிந்துகொண்டே போனதால் திங்கள் காலையில்தான் ஏறினார். அதற்குள் கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிவிட்டிருந்தது. வீட்டிலும் இது அப்படியே நடக்கும். குழந்தைகளை வைத்திருப்பவர்கள் முதலில் எழுவார்கள், தூரத்திலிருந்து வந்தவர்கள் அடுத்து. உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பாடுபவரைக் கடைசிக்கு வைக்காமல் நடுவில் வையுங்கள்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இல்லையென்றால் இந்த வழி நடக்காது, வற்புறுத்தி ஏற்றவும் கூடாது. அந்த நிலையில் சின்ன ஸ்பீக்கர்கள் சிலவற்றைப் பரப்பி வைப்பதையே நானும் தேர்ந்தெடுப்பேன். விடிய விடிய ஆட வேண்டும் என்றால் ஹெட்போன். ஐம்பது அறுபது பேர் கூடும் திறந்தவெளியில் நேரடிக் கச்சேரி எப்படி எடுபடும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, நாங்கள் அவ்வளவு பெரிதாக வைத்ததில்லை.

எந்த வழியானாலும், நிகழ்ச்சி நிரலில் முடியும் நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, உங்கள் ஊர் ஒலி விதி சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக அது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கொடுத்து, வர முடிந்தால் வரச் சொல்லுங்கள். கூடவே உங்கள் கைபேசி எண்ணையும் கொடுங்கள்.