விலை குறைந்த ஷன்ட், விலை உயர்ந்த ஷன்ட்: யாருக்கு எது பொருந்தும்?

மூளையில் நீர் தேங்கும் ஹைட்ரோசெஃபலஸ் நோய்க்காக எங்கள் குடும்பத்தில் இருவர், அந்த நீரை வடிக்கும் குழாயான ஷன்ட்டுடன் வாழ்கிறார்கள். என் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது, நிலையான அழுத்தத்தில் இயங்கும் சாப்ரா ஷன்ட் பொருத்தப்பட்டது. என் பெரியப்பாவுக்கு எழுபது வயதைக் கடந்த பிறகு, வெளியிலிருந்தே அழுத்தத்தை மாற்றி அமைக்கக்கூடிய வால்வு கொண்ட ஷன்ட் பொருத்தப்பட்டது. இரண்டையும் அருகிலிருந்து பார்த்த அனுபவத்தில் என் கருத்து இதுதான்: குழந்தைக்கு விலை குறைந்த ஷன்ட்டே போதுமானது, முதியவருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் வீண்போவதில்லை.

நம் மூளை நாள்தோறும் ஏறத்தாழ அரை லிட்டர் நீரைச் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் மூளையிலும் தண்டுவடத்திலும் இருப்பது 150 மில்லிலிட்டர் அளவுதான். மீதி இரத்தத்தில் கலந்துவிட வேண்டும். அந்த வழி அடைபட்டாலோ, உறிஞ்சப்படுவது குறைந்தாலோ, மூளைக்குள் இருக்கும் நீரறைகள் வீங்குகின்றன. ஷன்ட்டின் ஒரு முனை அந்த நீரறையில் இருக்கும். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வால்வு இருக்கும். அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கடியிலேயே இறங்கும் குழாய், மிகுதியான நீரை வயிற்றறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சாப்ரா ஷன்ட் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகிறது. குறைந்த அழுத்தம், நடுத்தர அழுத்தம், உயர் அழுத்தம் என வகைகள் உண்டு. பொருத்திய பிறகு அந்த அழுத்தத்தை மாற்ற முடியாது. "இவ்வளவு மலிவாக இருக்கிறதே, தரம் எப்படி இருக்கும்?" என்று என் மாமனார் கேட்ட கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் உகாண்டாவின் ம்பாலே நகரிலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், 195 குழந்தைகளிடம் ஏறத்தாழ 35 டாலர் விலையுள்ள சாப்ரா ஷன்ட்டையும், 650 டாலர் விலையுள்ள காட்மன்-ஹக்கீம் ஷன்ட்டையும் ஒப்பிட்டு, 2005இல் முடிவை வெளியிட்டார். ஓராண்டுக்குப் பிறகு இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதற்கு முன்பு 1998இல் வெளியான மற்றோர் ஆய்வில், 344 குழந்தைகளிடம் மூன்று வகை வால்வுகளைச் சோதித்தபோதும் எதுவும் மற்றதை விஞ்சவில்லை. எந்த வால்வாக இருந்தாலும், முதல் ஆண்டுக்குள் பத்தில் நான்கு ஷன்ட்டுகள் பழுதாயின. ஆகவே வால்வின் விலையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, அனுபவமுள்ள அறுவை மருத்துவரையும், இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் அவசரப் பிரிவையும் தேடுவதே நல்லது.

குழந்தைக்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தகுந்த ஒன்று உண்டு. அது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஊட்டப்பட்ட குழாய். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுமார் 1,600 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சாதாரணக் குழாய் வைத்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. மருந்துக் குழாய் வைத்தவர்களில் அது 2 ஆகக் குறைந்தது. வெள்ளி சேர்த்த குழாயில் 6 ஆகவே இருந்தது. வெள்ளி என்றதும் மயங்க வேண்டாம்.

அன்றாட வாழ்க்கையில் இந்தப் பொருள் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. மகள் தலையைத் திருப்பும்போது கழுத்தில் குழாய் மெல்லிய நரம்பு போலப் புடைத்துத் தெரியும். தலை வாரும்போது சீப்பு வால்வின் மேட்டில் தட்டாமல் பார்த்துக்கொள்கிறோம். பூ வைக்கும் ஹேர்பின்னை மறுபக்கம் குத்துகிறோம். தடுப்பூசி, நீச்சல், விமானப் பயணம் எதற்கும் மருத்துவர் தடை சொல்லவில்லை. குழந்தை வளர்ந்து உயரும்போது பற்றாமல் போகக்கூடாது என்பதற்காக, வயிற்றுக்குள் குழாயை முதலிலேயே தாராளமான நீளத்தில் விட்டுவைக்கிறார்கள். ஷன்ட் ஒழுங்காக இயங்கினாலும், கணக்கிலும் கவனத்திலும் சில குழந்தைகள் சிரமப்படுவதுண்டு. அதைச் சோம்பல் என்று நினைக்காத ஆசிரியர் அமைந்தால் நல்லது.

குறை சொல்ல வேண்டியது ஷன்ட்டைப் பற்றியல்ல, அதனுடன் வரவேண்டிய காகிதத்தைப் பற்றித்தான். அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஷன்ட் வைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. தயாரிப்பாளர் பெயர் இல்லை, அழுத்த வகையும் இல்லை. பின்னர் வேறு ஊரில் மகளுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தபோது, பணியிலிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை. ஷன்ட்டின் பெட்டிக்குள் விவரம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நலமாக இருக்கும்போது எடுத்த சிடி ஸ்கேன் படமும் கையில் இருக்கட்டும். சிலருக்கு ஷன்ட் அடைத்துக்கொண்டாலும் நீரறைகள் பெரிதாக வீங்குவதில்லை என்பதால், பழைய படத்துடன் ஒப்பிட்டால்தான் வேறுபாடு புலப்படும்.

பெண்கள் கருவுற்றிருக்கும்போது வயிற்றின் அழுத்தம் கூடி, நீர் இறங்குவது தடைபடலாம். அப்போது வரும் தலைவலியும் வாந்தியும் இரத்த அழுத்தக் கோளாறின் அறிகுறிகளைப் போலவே இருக்கும் என்பதால், மகப்பேறு மருத்துவரும் நியூரோ சர்ஜனும் முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம். கடும் மலச்சிக்கல்கூடச் சிலருக்கு இதே தடையை உண்டாக்கும்.

இனிப் பெரியப்பாவின் வால்வு. 1965இல் கொலம்பிய மருத்துவர் சலோமோன் ஹக்கீம் விவரித்த, முதியவர்களுக்கு வரும் வகை அவருடையது: கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நடை தடுமாறும், சிறுநீர் கட்டுப்படாது, நினைவு மங்கும். வயதாகிவிட்டது என்று நாங்களே இரண்டு ஆண்டுகள் விட்டிருந்தோம். முதுகிலிருந்து 30 முதல் 50 மில்லிலிட்டர் நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கமான சோதனை. அன்று மாலையே அவர் கால்களை எட்டி வைத்து நடந்தார். முதியவர்களுக்கு நீர் அளவுக்கு மேல் வடிந்தால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தம் கசியும் அபாயம் இருக்கிறது. நிலையான வால்வில் மறு அறுவை தேவைப்படக்கூடிய இந்நிலையை, மாற்றக்கூடிய வால்வில் அழுத்தத்தை உயர்த்தியே பல நேரங்களில் சரிசெய்துவிட முடிகிறது. காதுக்குப் பின்னால் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள், "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஆனால் வால்வுக்குள் இருப்பது காந்தம். காந்தம் உள்ள செல்பேசி உறை, ஹெட்போன், பேரனின் காந்தப் பொம்மை எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலிருந்து விலக்கி வைக்கிறோம். செர்ட்டாஸ் பிளஸ், புரோகாவ் 2.0 போன்ற புதிய வால்வுகள், 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்ஆர்ஐ ஸ்கேன் வரை நிலை மாறாதபடி வடிவமைக்கப்பட்டவை. மற்றவற்றை ஒவ்வொரு எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் பிறகும் சரிபார்த்தாக வேண்டும். சரிபார்க்கும் கருவி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. பெரியப்பாவின் வால்வுக்கான கருவி எங்கள் மாவட்டத்தில் எங்கும் இல்லாததால், ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் வாடகைக் காரில் சென்னை போகவேண்டியிருக்கிறது. வாங்குபவர்கள் அந்தச் செலவையும் வால்வின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.