மொத்தமாகக் கொட்டுவதா, பெட்டியில் போட்டு வைப்பதா?

வீட்டு அடைசலைக் குறைக்க இரண்டு வழிகள் பலராலும் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஜப்பானின் மரி கோண்டோ பரப்பிய முறை: வீடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒரே வகைப் பொருட்களை ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மனதுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து முடிவெடுப்பது. இன்னொன்று தேதிப் பெட்டி: வைப்பதா வேண்டாமா என்று குழப்பும் பொருட்களை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி ஒதுக்கிவைப்பது. ஆறு மாதத்தில் தேடி எடுக்காதது வெளியே போகும்.

துணிமணிக்கு முதல் முறைதான் சரி. ஒரே நிறச் சட்டைகள் நாலைந்து இருப்பது, அவை வெவ்வேறு அலமாரிகளில் கிடக்கும்வரை உறைக்காது. கட்டிலில் குவித்தால்தான் தெரியும். கோண்டோ சொல்லும் வரிசையும் நல்லது: துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில்தான் நினைவுப் பொருட்கள். முடிவெடுத்துப் பழகிய பிறகே கடினமானவை வருகின்றன. இதை விட்டுவிட்டு முதல் நாளே பழைய கடிதங்களையும் போட்டோக்களையும் பிரித்தால், வேலை அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் மேசை டிராயரில் இந்த முறை தடுமாறுகிறது. ஒரு கறுப்பு கேபிள், முனையில் பழைய மினி யூஎஸ்பி. எந்தக் கருவியோடு வந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அது மகிழ்ச்சி தருகிறதா என்று என்னவென்று கேட்பது? இருந்தாலும் தூக்கிப்போடக் கை வராது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் சிலருக்கு மட்டும் காபிக் கோப்பை கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம்முடையது என்று ஆனதுமே மதிப்பு கூடிவிடுகிறது. வெறுமனே தொட்டுப் பார்த்தாலே அந்த உரிமை உணர்வு வளர்கிறது என்று ஜோன் பெக், சுசான் ஷூ இருவரும் 2009இல் காட்டினார்கள். அப்படியிருக்க, எதையும் விட மனம் வராதவரிடம் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கச் சொல்வது பிடியை இன்னும் இறுக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர்களுக்குப் பெட்டிதான் ஏற்றது. இன்று எதையும் இழக்க வேண்டியதில்லை, எடுத்தால் எடுத்துக்கொள்ளலாம். தேதி மட்டும் கட்டாயம், இல்லையென்றால் அது இன்னொரு அடைசல் மூட்டை. வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பயணப்பெட்டி மாதிரியானவற்றுக்கு ஒரு வருடக் கெடு வையுங்கள். பழைய போனை மட்டும் உள்ளே போடாதீர்கள்: லித்தியம் பேட்டரி உப்பித் தீப்பிடிக்கலாம். அது மின்கழிவு சேகரிப்புக்குப் போக வேண்டியது.

புது அலமாரி வாங்குவதை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. இடம் கூடினால் சாமானும் கூடும், அவ்வளவுதான். ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்ற விதி நல்லது, ஆனால் குறைத்து முடித்த பிறகு. அதற்கு முன்பே தொடங்கினால் இருக்கும் குவியல் அப்படியே இருக்கும்.

பலர் சேர்ந்து வாழும் வீட்டில் என் ஓட்டு பெட்டிக்கே. யாருடைய சாமானோ அவர் பெயரைத் தேதிக்குக் கீழே எழுதுங்கள். கெடு முடிந்ததும் பெட்டியை அவரே திறக்கட்டும்.