பழைய ஜன்னலுக்கு மாற்றாக யுபிவிசி கேஸ்மென்ட்: ஒரு மதிப்பீடு

வீட்டின் பழைய ஸ்லைடிங் ஜன்னல்களைக் கழற்றிவிட்டு, இரட்டைக் கண்ணாடி பதித்த, கீலில் வெளிப்புறமாகத் திறக்கும் கேஸ்மென்ட் வகை ஜன்னல்களை, யுபிவிசி என்ற கடினப் பிளாஸ்டிக் சட்டத்தோடு பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வது இது: ஜன்னல் வாங்கச் செல்பவர் முதலில் ஆராய வேண்டிய இடம், கதவு சட்டத்தோடு சேரும் விளிம்பு. விற்பனையாளர்கள் கண்ணாடி எத்தனை அடுக்கு என்பதையே விரிவாகப் பேசுகிறார்கள். ஆனால் காற்றும் தூசியும் மழைநீரும் நுழைவது இடுக்குகளின் வழியாகத்தான். வெளியோசையும் அதே வழியில் கணிசமாக வருகிறது.

ஸ்லைடிங் ஜன்னலின் கதவு தடத்தில் நகர வேண்டும் என்பதால், அதன் ஓரத்தில் இறுக்கமான ரப்பரை வைக்க இயலாது. மென்மயிர்ப் பட்டைதான் இடைவெளியை மறைக்கிறது. அந்தப் பட்டை நாளடைவில் தேய்ந்து படிந்துவிடும். கேஸ்மென்டில் கைப்பிடியைத் திருப்பியதும், சட்டத்தின் நீளத்தில் பல இடங்களில் உள்ள பூட்டுமுனைகள் ஒரே நேரத்தில் கதவை உள்நோக்கி இழுத்து, சுற்றிலும் உள்ள ரப்பர் கேஸ்கெட்டின் மீது அழுத்துகின்றன. மூடிய பிறகு அறையில் உணரும் அமைதிக்கு முதற்காரணம் இந்த அழுத்தமே என்பது என் கணிப்பு. ஆகவே கடையில் மாதிரி ஜன்னலைக் காட்டும்போது, விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் தாள் ஒரே இறுக்கத்தோடு பிடிபட வேண்டும். திறந்தால் முழு அகலமும் காற்றுக்குக் கிடைப்பது இன்னொரு நன்மை. இரண்டு கதவுள்ள ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும்.

குறைகளும் உண்டு. வெளிப்புறம் திறப்பதால் கொசுவலையும் கிரில்லும் உள்பக்கம் வர வேண்டியிருக்கிறது. மாடியில் வெளிக் கண்ணாடியைத் துடைப்பது எளிதன்று. கீல் பக்கம் கை நுழையுமாறு கதவு சற்று நகர்ந்து திறக்கும் வகைக் கீல்களைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். பலத்த காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடிக்கும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே கதவின் எடைக்கு ஏற்றதாக இல்லாவிட்டால், சில காலத்திலேயே கதவு தொங்கத் தொடங்கி, மூலையில் ரப்பர் பொருந்தாமல் போகும். நடைபாதையை ஒட்டிய சுவரிலோ குறுகிய பால்கனியிலோ இவ்வகை பொருந்தாது. அங்கே ஸ்லைடிங்தான் சரி. அதை வாங்கினால் கீழ்த் தடத்தில் நீர் வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் தடத்தில் தேங்கும் மழைநீர் அறைக்குள்தான் வழியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அலுமினியம் மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் பிவிசியைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதனால் உள் அலுமினியத்தையும் வெளி அலுமினியத்தையும் வெப்பத்தை எளிதில் கடத்தாத பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் பட்டையால் பிரித்திருக்கும் வகையையே கருத வேண்டும். யுபிவிசியின் உட்குழிவில் துத்தநாகம் பூசிய எஃகு வலுவூட்டல் இருப்பது அவசியம். அகலமான ஜன்னலில் அது இல்லாவிட்டால் சட்டம் வளைந்துவிடும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பகுதி என்பதாலேயே இங்கே சிக்கனம் நடக்கிறது. வெட்டிய துண்டைக் காட்டச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

கண்ணாடிக்கு வருவோம். வெப்பம் கடத்தும் அளவை யு-மதிப்பு என்பார்கள். ஒரு சதுர மீட்டரில், உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் கடக்கிறது என்பதே அது. ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.7, சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவில், வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் மெல்லிய லோ-ஈ பூச்சும், கண்ணாடிகளின் நடுவே காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் 1.1 வரை இறங்கும். இரு கண்ணாடிகளுக்கு இடையிலான இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. அதற்கு மேல் அகலமானால் இடையிலுள்ள காற்று சுழலத் தொடங்குவதால் பயன் கூடுவதில்லை. என்னிடம் முதலில் சொல்லப்பட்ட எண் கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டும் உரியது. சட்டத்தையும் விளிம்பையும் சேர்த்த முழு ஜன்னலின் மதிப்பைக் கேட்டபோதுதான் உண்மையான, சற்றே கூடுதலான எண் வந்தது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவோர் இரண்டிலும் முழு ஜன்னலின் எண்ணையே கேட்டுப் பெற வேண்டும்.

வெயில் நேரடியாக விழும் அறைக்கு யு-மதிப்பு மட்டும் போதாது. சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதைக் காட்டும் எஸ்எச்ஜிசி என்ற எண்ணையும் பார்க்க வேண்டும். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியிலும் இது 0.7 அளவில் இருப்பதால், அடுக்கைக் கூட்டியதாலேயே மேற்குப் பார்த்த அறை குளிர்ந்துவிடாது. வெயிலைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு இந்த எண்ணை 0.3-க்கு அருகில் கொண்டுவருகிறது. அப்பூச்சு வெளிக் கண்ணாடியின் உட்பரப்பில் அமைய வேண்டும். குளிர்மிக்க இடத்தில், அறையின் சூட்டைக் காக்க வேண்டியிருந்தால், உட்கண்ணாடியின் இடைவெளி நோக்கிய பரப்பில் அமைவது பொருத்தம்.

சாலை இரைச்சல்தான் முதன்மைத் தொல்லை எனில், இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு தடிமனில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் ஆக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் எட்டும் தாழ்ந்த ஜன்னலுக்கு, வெப்பத்தால் பதப்படுத்தி வலுவூட்டிய டஃபண்ட் அல்லது லேமினேட்டட் கண்ணாடியே வேண்டும். டஃபண்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பின் வெட்ட முடியாது என்பதால் அளவு முன்கூட்டியே துல்லியமாக இருக்க வேண்டும்.

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. பழைய திறப்பின் அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, அவற்றில் சிறியதை எடுத்துக்கொண்டு, மூலைவிட்டங்களும் சமமா என்று பார்ப்பதே முறை. யுபிவிசி வெப்பத்தில் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிவடையும்; எனவே சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே இடம் விட்டு, அதை நுரையால் நிரப்பி, வெளிப்புறம் சிலிக்கான் பூசி அடைக்க வேண்டும். பழைய சட்டத்துக்குள்ளேயே புதியதைச் செருகும் முறை விரைவானது, சுவர்ப்பூச்சும் கெடாது; ஆனால் கண்ணாடிப் பரப்பு சுருங்கும், பழைய சட்டத்தின் ஓரத்தில் இருந்த கசிவும் அப்படியே தொடரும். மரச்சட்டம் உளுத்திருந்தால் முழுவதையும் அகற்றிவிடச் சொல்வேன்.

இந்த ஜன்னலை படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். உத்தரவாதத்தில் சட்டம், பூட்டு, கண்ணாடி அலகின் அடைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே காலம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடைப்பு உடைந்து இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் படர்ந்தால் அதைத் துடைக்க வழியில்லை. அந்த அலகையே மாற்ற வேண்டும். மாற்றும்போது பொருத்துக் கூலியும் உத்தரவாதத்தில் அடங்குமா என்பதைக் கையொப்பத்துக்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.