வேர்ட்பிரஸ் பிளகின்கள்: நீண்ட காலப் பயன்பாட்டில் நிலைத்தவையும் நீக்கியவையும்

மாடித்தோட்டம் பற்றிய ஒரு தமிழ்த் தளத்தைச் சொந்த டொமைனில் (இணைய முகவரியில்) வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளைக் கொண்டு பல வருடங்களாக நடத்தி வருகிறேன். படங்கள் அதிகம், படிப்பவர்களில் பெரும்பாலோர் போனில்தான் படிக்கிறார்கள், செடிக்கு என்ன நோய் என்று கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு. புதிதாகத் தளம் தொடங்குகிற நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "கட்டாயம் போட வேண்டிய பிளகின்கள் எவை?" பிளகின் என்றால் கூடுதல் வசதிக்காக வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள். நான் பட்டியல் கொடுப்பதில்லை. இந்த வேலை என் தளத்துக்குத் தேவையா, தேவை என்றால் அதை வேர்ட்பிரஸே செய்யாதா என்ற இரண்டையும் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். இரண்டாவதற்கான பதில் வருடா வருடம் மாறுகிறது. பழைய 'டாப் 20 பிளகின்' கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தளம் அமைப்பவர்கள் தேவையில்லாத சுமையை ஏற்றிக்கொள்வது இதனால்தான்.

உதாரணத்துக்கு, தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிடும் சைட்மேப்பை உருவாக்கத் தனி பிளகின் போடுவது ஒரு காலத்தில் வழக்கம். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே சைட்மேப் தருகிறது. திரையில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் லேசி லோடிங்கும் அதே பதிப்பில் உள்ளே வந்தது. 2019இல் வந்த 5.3 பதிப்பு, 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களைத் தானே சுருக்கிக்கொள்கிறது. 2021இல் 5.8 வந்தபோது வெப்பி (WebP) என்ற, கோப்பு அளவு குறைந்த வடிவப் படங்களை நேரடியாக ஏற்ற முடிந்தது. என் தளத்தில் இந்த வேலைகளுக்காக இருந்த பிளகின்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. படங்களை நான் கூகுளின் ஸ்கூஷ் தளத்தில் சுருக்கி வெப்பியாக்கிய பிறகே ஏற்றுகிறேன். வாரம் ஒன்றிரண்டு பதிவு எழுதுகிறவருக்குப் படம் சுருக்க பிளகின் அவசியமே இல்லை என்பது என் கருத்து. ஒரு நாளில் நூறு படம் ஏற்றும் செய்தித் தளம் என்றால் கதை வேறு.

எந்தத் தளத்துக்கும் தவிர்க்க முடியாதது பேக்கப். நான் பயன்படுத்துவது அப்டிராஃப்ட்பிளஸின் இலவசப் பதிப்பு. டேட்டாபேஸ், பிளகின்கள், தீம்கள் (தளத்தின் தோற்ற வடிவமைப்புகள்), ஏற்றிய படங்கள், மற்றவை என்று தளத்தைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து கூகுள் டிரைவுக்கு அனுப்பிவிடும். இந்தப் பிரிப்பு ரொம்ப வசதி. பதிவுகள் இருப்பது டேட்டாபேஸில்; அது சின்ன கோப்பு, தினமும் எடுக்கலாம். படங்கள் இருக்கிற பகுதி பெரியது, வாரம் ஒரு முறை போதும். பேக்கப்பை ஹோஸ்டிங் இடத்திலேயே, அதாவது தளம் இயங்கும் வாடகை சர்வரிலேயே, வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சர்வர் போனால் பேக்கப்பும் சேர்ந்தே போய்விடும். அதைவிட முக்கியம், எடுத்த பேக்கப்பைத் திரும்ப நிறுவிப் பார்ப்பது. ஒரு சப்டொமைனில் (டொமைனின் கிளை முகவரியில்) காலியான வேர்ட்பிரஸ் போட்டு அதில் வருடத்துக்கு இரண்டு முறையாவது மீட்டுப் பார்க்கிறேன். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறாமல் வருகின்றனவா, படங்கள் தெரிகின்றனவா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அடுத்தது மின்னஞ்சல். தொடர்புப் படிவத்துக்கு நான் வைத்திருப்பது கான்டாக்ட் ஃபார்ம் 7. ஜப்பானைச் சேர்ந்த டகாயுகி மியோஷி 2007 முதல் பராமரித்து வரும் பிளகின் இது. எளிமையானது, இலவசம், கூடுதலாக எதையும் வாங்கச் சொல்லித் தொல்லை செய்வதில்லை. ஆனால் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு குணம் இதற்கு உண்டு. படிவத்தில் வரும் செய்தியை அது எங்கேயும் சேமிக்காது, மின்னஞ்சலாக அனுப்புவதோடு சரி. அந்த மின்னஞ்சல் வழியில் தொலைந்தால் செய்தியும் தொலைந்தது. அதே ஆசிரியரின் ஃபிளமிங்கோ பிளகினைச் சேர்த்துக்கொண்டால் எல்லாச் செய்திகளும் டேட்டாபேஸில் பதிவாகும். என் கணக்கில் இவை இரண்டும் ஒரே பிளகின்தான்.

சரி, மின்னஞ்சல் ஏன் தொலைகிறது? வேர்ட்பிரஸ் வழக்கமாக சர்வரில் உள்ள பிஎச்பி என்ற நிரல் மொழியின் மெயில் வசதி வழியாக அனுப்புகிறது. பல ஹோஸ்டிங்குகளில் அதற்கு மதிப்பில்லை, சிலவற்றில் அது மூடப்பட்டே இருக்கும். இதோடு அனுப்புநர் முகவரி இடத்தில் வாசகரின் ஜிமெயில் முகவரியைப் போட்டுவிட்டால், யாரோ ஆள்மாறாட்டம் செய்வதாக ஜிமெயில் சந்தேகப்படும். அனுப்புநராக உங்கள் சொந்த டொமைன் முகவரி இருக்க வேண்டும், வாசகரின் முகவரி 'பதில் அனுப்ப' என்ற இடத்துக்குப் போக வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து அனுப்புகிற டொமைனுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு (அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வருவதைச் சரிபார்க்க உதவுவது) இருந்தே ஆக வேண்டும் என்று ஜிமெயில் விதித்துவிட்டது. ஆகவே அஞ்சலை முறையான மின்னஞ்சல் சர்வர் வழியாக அனுப்பும் டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி போன்ற பிளகின் ஒன்று தேவை. அதை நிறுவி, டொமைனின் டிஎன்எஸ் (முகவரி அமைப்புகள்) பகுதியில் அந்தப் பதிவுகளையும் சேர்த்த பிறகு என் தளத்திலிருந்து போகும் அஞ்சல்கள் ஸ்பேமில் விழுவது நின்றது.

வேகத்துக்கு, தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டும் ஒரு கேஷ் பிளகின் வேண்டும். ஒன்று மட்டும்தான், இரண்டு போட்டால் ஒன்றின் பக்கத்தை இன்னொன்று சேமித்துக் குழப்பும். எது என்பதை முடிவு செய்வது உங்கள் சர்வர். லைட்ஸ்பீட் சர்வராக இருந்தால் லைட்ஸ்பீட் கேஷ் அருமையாக வேலை செய்யும். வேறு சர்வரில் அதன் பக்கச் சேமிப்பு வேலை செய்யாது. அங்கே டபிள்யூபி சூப்பர் கேஷ் போதும். பார்க்க எளிமையாகத்தான் இருக்கும், ஆனால் பல வருடமாக நம்பகமாக ஓடுகிறது. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது, தள்ளிவைப்பது போன்ற கூடுதல் விருப்பங்களை ஒரே நேரத்தில் எல்லாம் இயக்காதீர்கள். ஒன்றை இயக்குங்கள், லாகின் செய்யாத தனி ஜன்னலில், அதுவும் போனில், பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் அடுத்தது. நிர்வாகியாக லாகின் செய்து பார்க்கும் பக்கம் பொதுவாகக் கேஷிலிருந்து வருவதில்லை, அதனால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும்.

தேடலில் தளம் நன்றாகத் தெரிய உதவும் எஸ்இஓ பிளகின் விஷயத்தில் யோஸ்ட், ரேங்க் மேத், எஸ்இஓ ஃபிரேம்வொர்க் என்று சண்டையே நடக்கிறது. தலைப்பு, விவரிப்பு, சமூக ஊடகத்தில் தெரியும் படம் இவற்றை ஒழுங்காகத் தந்தால் எதுவும் போதும். தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கட்டுரைக்கு மதிப்பெண்ணாக இவை காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகளை. முதன்மைச் சொல்லாக 'கத்தரி' என்று கொடுத்துவிட்டு, கட்டுரையில் 'கத்தரிக்கு', 'கத்தரியில்' என்று இயல்பாக எழுதினால் அந்தச் சொல் போதுமான அளவு வரவில்லை என்று சிவப்பு காட்டும். வேற்றுமை உருபு சேர்ந்த சொல்லை அதே சொல்லாக அடையாளம் காணும் திறன் தமிழுக்கு இன்னும் அமையவில்லை. பச்சை விளக்குக்காக வாக்கியத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. நான் அந்த மதிப்பெண் பகுதியை அணைத்தே வைத்திருக்கிறேன்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், பதிவின் முகவரி. தலைப்பைத் தமிழில் தந்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். உள்ளே அதைச் சேமிக்க இருப்பது 200 இடம். ஒவ்வொரு தமிழ் யூனிகோடு குறியும் சதவீதக் குறிகளோடு 9 இடம் எடுக்கும். அதாவது 22 குறிகளில் இடம் தீர்ந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் மூன்று சொல்லைத் தாண்டுவதே கடினம். 'கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி வந்தால்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'கத்தரிச்-செடியில்-மாவுப்' என்று நின்றுவிடும், பூச்சி வராது. அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்ட வால்தான் போகும். பார்ப்பவர்கள் பயந்து தொடாமல் விடுகிறார்கள். இதற்கென்று எழுத்துப்பெயர்ப்பு பிளகின்கள் உண்டு. எனக்கு அவை தேவைப்படவில்லை. வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களைக் கையால் தட்டிவிடுகிறேன். பழைய பதிவின் முகவரியை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். ஆனால் வகைகளையும் தனிப் பக்கங்களையும் மாற்றும்போது ரிடைரக்ஷன் என்ற பிளகின் கை கொடுக்கிறது.

கருத்துப் பெட்டியில் வரும் ஸ்பேமுக்கு அகிஸ்மெட் பிளகின் நல்லது, ஆனால் இலவசம் என்பது தனிப்பட்ட தளங்களுக்கு மட்டும். விளம்பரம் போட்டால் வணிகத் தளம் என்ற கணக்கில் வரும். நான் ஆன்ட்டிஸ்பாம் பீக்கு மாறி நிம்மதியாக இருக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு உண்மையை மறக்கக் கூடாது. பெரும்பாலான ஓட்டைகள் பிளகின்கள் வழியாகத்தான் வருகின்றன, பிரபலமானவையும் விலக்கல்ல. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் பிளகினின் ஓட்டையைத் தாக்குபவர்கள் பரவலாகப் பயன்படுத்தினார்கள். நான் மேலே பாராட்டிய அப்டிராஃப்ட்பிளஸில் 2022 பிப்ரவரியிலும் லைட்ஸ்பீட் கேஷில் 2024 ஆகஸ்டிலும் கடுமையான ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டன. ஓட்டை வந்ததற்காக நான் இவற்றை விலக்கவில்லை, எவ்வளவு சீக்கிரம் அடைத்தார்கள் என்பதையே பார்க்கிறேன். எனக்கு அதிகம் கவலை தருவது 2017இல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸுக்கு நடந்தது. சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த அந்த பிளகின் கைமாறியது, புதிய உரிமையாளர் அப்டேட் வழியாகவே ஸ்பேம் பக்கங்களை நுழைத்தார். லாகின் செய்த நிர்வாகிக்கு அவை தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு எந்த பிளகினுக்கும் மாற்றக் குறிப்புகளையும் ஆசிரியர் பெயரையும் அவ்வப்போது பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு பிளகின் அதிகாரபூர்வக் கிடங்கிலிருந்து நீக்கப்பட்டால் வேர்ட்பிரஸ் டாஷ்போர்டு உங்களுக்குச் சொல்லாது. வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு பிளகினின் ஸ்கேன் சொல்லும். அதை நான் வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அதன் இலவசப் பதிப்புக்குப் புதிய பாதுகாப்பு விதிகள் 30 நாள் தாமதமாகத்தான் வரும், எனவே அது இருக்கிறது என்று அப்டேட்டைத் தள்ளிப்போட முடியாது. 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பிலிருந்து ஆட்டோ அப்டேட் தளத்தை முடக்கினால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும் வசதி இருக்கிறது. கேஷ் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஆட்டோ அப்டேட் போட்டுவிட்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகின்களை யாரோ உடைத்து இலவசமாகத் தருகிறார்கள் என்று டெலிகிராமில் வருபவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வழியே இல்லை.

நீக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிளகினை டிஆக்டிவேட் செய்து அழித்தாலும் அதன் அமைப்புகள் பலமுறை டேட்டாபேஸில் தங்கிவிடும். அவற்றில் சில ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ஏற்றப்படும் வகையைச் சேர்ந்தவை. 'தள ஆரோக்கியம்' பக்கத்தில், அப்படித் தானாக ஏற்றப்படும் தரவு ஏறக்குறைய 800 கேபியைத் தாண்டினால் 6.6 முதல் எச்சரிக்கை வருகிறது. எனவே அழிக்கும் முன் அந்த பிளகினின் அமைப்புப் பக்கத்தில் 'நீக்கும்போது தரவையும் நீக்கு' என்ற விருப்பம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டிக் செய்துவிட்டு அழியுங்கள். தளம் வெள்ளைத் திரையாகிவிட்டால் பதறாமல் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் நுழைந்து, பிளகின்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் சந்தேகப்படும் பிளகினின் பெயரை மாற்றுங்கள், அது மட்டும் நின்றுபோகும். எதுவென்று தெரியாவிட்டால் மொத்த ஃபோல்டரின் பெயரையே மாற்றிவிட்டு உள்ளே நுழையலாம். பிறகு பழைய பெயரைக் கொடுத்து ஒவ்வொன்றாக இயக்கிக்கொண்டே வந்தால் எதில் நிற்கிறது என்று பிடிபட்டுவிடும்.