வீட்டு சார்ஜிங்: சாதா ப்ளக்கா, வால்பாக்ஸா, சோலாரா? காசு எதுல மிச்சம்?

வீட்டுல எலெக்ட்ரிக் கார் ஃபுல்லா சார்ஜ் பண்ணா என்ன செலவு ஆகும்னு யாரு கேட்டாலும், பேட்டரி 50 யூனிட், யூனிட் ரேட் இவ்ளோ, ரெண்டையும் பெருக்கிக்கோன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போயிடுவாரு. அந்தக் கணக்குல ரெண்டு ஓட்டை இருக்கு. பேட்டரிக்குள்ள போய்ச் சேர்ற கரண்டுக்கு நாம காசு கட்டல, மீட்டரைத் தாண்டிப் போற கரண்டுக்குக் கட்டுறோம், நடுவுல சுமாரா 10லருந்து 20 சதவீதம் வரைக்கும் சும்மா போயிடும். இன்னொண்ணு, எல்லா யூனிட்டுக்கும் ஒரே ரேட்டுங்கிறது பல இடத்துல எப்பவோ போயாச்சு.

முதல்ல சாதா ப்ளக்குக்கும் வால்பாக்ஸுக்கும் (கார் சார்ஜிங்குக்குன்னே சுவத்துல மாட்டுற பெட்டி) உள்ள வித்தியாசம். 230 வோல்ட் வர்ற வீட்டுல சாதா ப்ளக்ல 10 ஆம்ப்ஸ் இழுத்தா 2.3 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ்ல 32 ஆம்ப்ஸ் வால்பாக்ஸ்னா 7.4, த்ரீ ஃபேஸ்ல 16 ஆம்ப்ஸ்னா 11. இதுல பல பேருக்குத் தெரியாத விஷயம், சுவத்துல மாட்டுற அந்தப் பெட்டி சார்ஜரே இல்ல. நிஜ சார்ஜர் காருக்குள்ள இருக்கு, பெட்டி வேலையெல்லாம் இவ்ளோ ஆம்ப்ஸ் எடுத்துக்கோன்னு காருக்குச் சொல்றதும், ஏதாச்சும் கோளாறுன்னா கட் பண்றதும்தான். அதனால காருக்குள்ள 7.2 கிலோவாட் சார்ஜர் இருக்கிறவங்க 22 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினா வேகம் ஒரு துளி கூடக் கூடாது, பர்ஸ்தான் இளைக்கும்.

சரி, மெதுவா சார்ஜ் பண்ணா கரண்ட் வேஸ்ட் ஆகுதா? ஆகுது. சார்ஜ் ஏறும்போது கார் தூங்குறது இல்ல, உள்ள கம்ப்யூட்டருங்க முழிச்சிருக்கும், கூலன்ட் பம்ப் ஓடும், எல்லாம் சேர்த்து 300 வாட்னு வச்சுக்குவோம் (காருக்குக் கார் இது மாறும்). 2300 வாட் வரும்போது 300 போனா 13 சதவீதம், 7400 வரும்போது அதே 300 வெறும் 4 சதவீதம். ஏசி கரண்டை டிசியா மாத்துறதுல ஒரு 7 சதவீதம் ரெண்டு பக்கமும் போகும். ஆக மொத்தம் சாதா ப்ளக்ல 20, வால்பாக்ஸ்ல 11. வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட்னா பேட்டரிக்கு வேண்டியது 2250 யூனிட். மீட்டர்ல ஓடுறது சாதா ப்ளக்னா சுமார் 2810, வால்பாக்ஸ்னா 2530. வித்தியாசம் வருஷத்துக்கு 280 யூனிட், அவ்ளோதான். உங்க யூனிட் ரேட்டால அதைப் பெருக்கிட்டு, பெட்டி விலை, ஒயரிங், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் கூட்டி வகுத்துப் பாருங்க, நஷ்டத்தைக் குறைக்கிறதுக்காக மட்டும் வால்பாக்ஸ் வாங்குறது பெரும்பாலும் கட்டுபடியாகாது, போட்ட காசு திரும்பறதுக்குள்ள காரையே மாத்திடுவீங்க.

உங்க கார்ல நிஜமா எவ்ளோ போகுதுன்னு பாக்கணும்னா வழி இருக்கு. ஃப்ரிட்ஜ் தவிர மத்ததெல்லாம் அணைச்சிட்டு, பேட்டரி 40 சதவீதத்துல இருக்கும்போது மீட்டர் ரீடிங் எடுங்க, 80 ஆனதும் திரும்ப எடுங்க, மீட்டர்ல ஓடினதுலருந்து பேட்டரி சைஸ்ல 40 சதவீதத்தைக் கழிச்சா வேஸ்ட் ஆனது எவ்ளோன்னு தெரிஞ்சிடும். டேஷ்போர்டு காட்டுற யூனிட்டை நம்பாதீங்க, அது பேட்டரிலருந்து வெளிய போனதை மட்டும் எண்ணும். கம்பெனிக்காரங்க போடுற டபிள்யூஎல்டிபி (காரோட கரண்ட் செலவை லேப்ல வச்சு அளக்குற டெஸ்ட்) கணக்குல ஆச்சரியமா சார்ஜிங் நஷ்டமும் சேந்திருக்கும், ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா தலை சுத்தும்.

உண்மையான காசு விளையாடுறது நேரத்துல. ராத்திரி ரேட் பகல் ரேட்டுல பாதின்னு ஒரு பிளான் உங்களுக்குக் கிடைக்குதுன்னா, அந்த 2500 சொச்சம் யூனிட்ல 1250 யூனிட் காசு மிச்சம், மேல சொன்ன 280 எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. ஆனா அந்த சீப் ரேட் அஞ்சு மணி நேரந்தான்னா என்ன ஆகும்? சாதா ப்ளக்ல அஞ்சு மணி நேரத்துக்கு 11.5 யூனிட் இழுக்கும், பேட்டரிக்கு 9, ஓட்டுறதுக்கு 60 கிலோமீட்டர். வால்பாக்ஸ்னா 37 யூனிட், 220 கிலோமீட்டர். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுற ஆளுக்கு 60 தாராளம், பெட்டியே வேண்டாம். தினம் 100 ஓட்டினா சாதா ப்ளக் விடிஞ்சதுக்கு அப்புறமும் காஸ்ட்லி ரேட்ல இழுத்துட்டே இருக்கும், அப்போ வால்பாக்ஸ் தன் விலையைத் தானே சம்பாதிச்சுக் குடுத்துடும். என்னைக் கேட்டா வாங்கலாமா வேண்டாமாங்கிறதுக்கு இந்த ஒரு கணக்கு போதும். இந்த மாதிரி பிளான்ல சாயங்கால ரேட் சில சமயம் ஏத்தி வச்சிருப்பாங்க, வீட்டுல அந்நேரத்துக்குத்தான் அடுப்பும் ஏசியும் ஓடும்னா அதையும் கழிச்சுப் பாருங்க.

ஸ்லாப் முறை இருக்கிற இடத்துல கதையே வேற. போன பில் தொகையை யூனிட்டால வகுத்து சராசரி எடுத்து காருக்குப் போடுறாங்க, அது தப்பு. கார் யூனிட் எல்லாம் வீட்டு உபயோகத்துக்கு மேல போய் உக்காரும், அதாவது உச்ச ஸ்லாப் ரேட்டுல. காருக்குத் தனி மீட்டர், தனி ரேட் குடுக்குற இடம்னா கண்டிப்பா விசாரிங்க. பெரிய வால்பாக்ஸுக்காக லோடு கூட்டி வாங்கினா மாசா மாசம் நிலைக் கட்டணம் கூடுறதும் உண்டு, கார் ஊர்ல இல்லாட்டியும் அது வந்துட்டேதான் இருக்கும்.

சோலார் வச்சிருக்கிறவங்க ஃப்ரீயா ஓட்டுறேன்னு சொல்லுவாங்க. ஃப்ரீ எல்லாம் இல்லீங்க, அந்த யூனிட்டை கிரிட்டுக்கு (கரண்ட் சப்ளை பண்றவங்க லைனுக்கு) குடுத்திருந்தா என்ன கிடைச்சிருக்குமோ அதுதான் அதோட விலை. கிரிட்காரங்க குடுக்கிறது சொற்பம்னா கார்ல ஏத்துறது நல்ல வியாபாரம், வாங்குற ரேட்டுக்கே எடுத்துக்கிறாங்கன்னா பகல்ல ஏத்தினாலும் ஒண்ணுதான், ராத்திரி ஏத்தினாலும் ஒண்ணுதான். இன்னொரு சிக்கல், ஏசி சார்ஜிங் ஸ்டாண்டர்டுப்படி 6 ஆம்ப்ஸுக்குக் கீழ போக முடியாது. சிங்கிள் ஃபேஸ்ல அது 1.4 கிலோவாட், பரவால்ல. த்ரீ ஃபேஸ்ல 4.1 கிலோவாட், ஒரு மேகம் வந்து மறைச்சா கூரைலருந்து அவ்ளோ வராது, மிச்சத்தை கிரிட்லருந்து இழுக்கும், நீங்க சூரியன்ல ஓட்டுறதா நினைச்சுட்டு இருப்பீங்க. சோலாருக்குன்னு பெட்டி வாங்குறதா இருந்தா த்ரீ ஃபேஸ்லருந்து சிங்கிளுக்குத் தானா மாறுற மாடலா பாருங்க. எல்லாத்துக்கும் மேல, பகல்ல கார் வீட்டுல நிக்கணுமே!

சாதா ப்ளக்னு முடிவு பண்றவங்க ஒரு வேலை செய்யணும். ஏத்த ஆரம்பிச்சு அரை மணி நேரம் கழிச்சு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு ஓகே, கையை வைக்க முடியலன்னா உடனே நிறுத்துங்க, சாக்கெட் லூஸ், இல்ல ஒயர் மெலிசு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பேச்சே கூடாது. காருக்குன்னு தனி ஒயர், ஒழுங்கான எர்த், தனி ப்ரேக்கர், இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

வெளிய டிசி ஃபாஸ்ட் சார்ஜர் வீட்டு ரேட்டை விட ரெண்டு மூணு மடங்கு ஆகிறது சகஜம், ஏசிலருந்து டிசியா மாத்துற நஷ்டம் அவங்க பெட்டிக்குள்ள நடக்குறதால அந்த ஒரு 7 சதவீதம் நமக்கு மிச்சம், அவ்ளோதான் ஆறுதல். அப்பப்ப ஊருக்குப் போறப்ப ஏத்தினா வலிக்காது, வீட்டுல ப்ளக் வசதியே இல்லாம முழுக்க முழுக்க இதையே நம்பப் போறீங்கன்னா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க: லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுற பெட்ரோல் கார், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடுற எலெக்ட்ரிக் கார்னா ஒரு லிட்டருக்கு சமம் 2.5 யூனிட். பெட்ரோல் விலையை 2.5ஆல வகுங்க, சார்ஜர்ல யூனிட் ரேட் அதுக்கு மேல போச்சுன்னா அந்த ஏத்தத்துல பெட்ரோல்காரர் ஜெயிச்சாரு.