இங்க் டேங்க்கா, லேசரா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எந்த பிரின்டர்?

இரவு ஒன்பதரைக்குப் பல் துலக்கிக்கொண்டே, "அம்மா, நாளைக்கு ஆறு வகை இலையோட படம் ஒட்டிக் கொண்டுவரணுமாம்" என்று பிள்ளை சொல்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இப்படிச் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரியவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. தெருமுனை ஜெராக்ஸ் கடை ஒன்பது மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும்.

2022 ஜூனில் ஒரு கலர் இங்க் டேங்க் பிரின்டர் (பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் வகை) வாங்கினேன். இரண்டரை வருடம் மல்லுக்கட்டிவிட்டு, 2025 ஜனவரியில் கறுப்பு மட்டும் அடிக்கும் லேசருக்கு மாறினேன். நான் லேசர் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கட்சியில் எனக்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேற்பட்ட அனுபவம்தான், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வைஃபை, ஸ்கேன், போனிலிருந்தே பிரின்ட் கொடுப்பது எல்லாம் இரண்டிலும் வந்துவிட்டது. வேகத்தில் லேசர் முந்தும். வீட்டில் நான்கு பக்கம் அடிப்பவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. விலையும் ஏறக்குறைய அதே வட்டாரம்தான்: என் இங்க் டேங்க் 13,800 ரூபாய், லேசர் 16,500.

என்னைக் கவிழ்த்தது 'ஒரு பக்கத்துக்குப் பத்துப் பைசா' என்ற விளம்பரக் கணக்கு. அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஒரு பாட்டில் கறுப்பு மையில் ஆயிரக்கணக்கான பக்கம் வரும். லேசரில் 1,200 பக்கம் தருகிற டோனர் (மைக்குப் பதிலான பொடி) 2,600 ரூபாய், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. இருபது மடங்கு வித்தியாசம்! எக்செல் ஷீட் போட்டு, பச்சை வண்ணம் அடித்து, வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். அந்த ஷீட்டில் விடுபட்டது ஒன்றே ஒன்று: வருடத்துக்கு நாங்கள் எத்தனை பக்கம் அடிப்போம்?

பிரின்டர் தன் பக்கக் கணக்கைத் தானே வைத்திருக்கும், ஸ்டேட்டஸ் பேஜ் அடித்தால் தெரியும். பழையதை மூட்டை கட்டும் நாளில் பார்த்தேன். இரண்டரை வருடத்தில் 1,340 பக்கம். மெஷின் விலையை மட்டும் வகுத்தாலே பக்கத்துக்குப் பத்து ரூபாய் சொச்சம். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு பிரின்ட் ஐந்து ரூபாய். எங்களைப் போல வருடத்துக்கு ஐந்நூறு சொச்சம் பக்கம் அடிப்பவர்களுக்கு மை விலை ஒரு பொருட்டே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சும்மா கிடக்கிற நாட்களை மெஷின் எப்படித் தாங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் பிரின்டர் ஒரே சீராக ஓடாது. காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு வாரம் இடைவிடாமல் ஓடும், பிறகு மூன்று வாரம் தூங்கும். ஏப்ரல் கடைசியில் நாங்கள் காரைக்குடியில் அம்மா வீட்டுக்குப் போனால் ஜூனில்தான் திருச்சி திரும்புவோம். அந்த வெயிலில் மெஷின் பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும். இங்க் டேங்க்கில் மை திரவம். அது தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாகக் காகிதத்தில் விழுகிறது. துளையில் மை உலர்ந்தால் அடைப்புதான்.

இதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. வேலை முடிந்தால் சுவர் சுவிட்சை அணைப்பதுதான் நமக்கு முறை. இங்க் பிரின்டருக்கு அது ஆகாது. அதன் மேலுள்ள பட்டனை அழுத்தி அணைத்தால்தான், மை துப்பும் ஹெட் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடிக்குள் உட்காரும். பாதி வேலையில் சுவர் சுவிட்சைத் தட்டினால் ஹெட் நடுவழியில் திறந்தபடியே நின்றுவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பட்டன் பக்கத்தில் ஸ்டிக்கரும் ஒட்டினேன். மாமாவுக்கு மட்டும் சொல்லத் துணிவில்லை. அணைக்காத சுவிட்ச் எதுவும் அவர் கண்ணில் பட்டுத் தப்பியதில்லை.

வாரம் ஒருமுறை நான்கு வண்ணமும் உள்ள ஒரு பக்கம் அடித்தால் அடைப்பு வராது என்பார்கள். உண்மைதான். எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் கிறுக்கு உண்டு. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரின்டரோடு இணைத்து, ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான்கு வண்ணப் பட்டை ஒன்று தானாக அச்சாகும்படி செய்து வைத்தேன். ஆறு மாதம் அழகாக ஓடியது. 2024 மே மாதம் ஊரிலிருந்து நிம்மதியாகப் போன் போட்டபோது மாமா சொன்னார்: "பூட்டறப்ப மெயினையே அணைச்சுட்டேம்மா, கோடை மழை, இடி மின்னல் காலம்." அவர் செய்தது சரிதான். ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் அதுதான் நல்லது.

ஜூனில் சின்னவளுக்குத் தமிழ் வாசிப்புப் பயிற்சித் தாள் ஒன்று அடித்தேன். பக்கம் முழுக்கக் குறுக்காக மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஒரு கோடு மிகச் சரியாகப் புள்ளிகள் இருக்கவேண்டிய இடத்தில் ஓடியிருந்தது. "கபபல" என்று படித்துவிட்டு, "அப்படின்னா என்னம்மா?" என்றாள். கப்பலில் இருந்த இரண்டு புள்ளியும் போயிருந்தன. "ஓலைச்சுவடியிலயும் புள்ளி இருக்காது, அப்படியே படிச்சுப் பழகட்டும்" என்று வீட்டுக்காரர் தன் பங்குக்குச் சிரித்தார்.

பிறகு ஹெட் கிளீனிங். ஒருமுறை, இரண்டுமுறை, ஆறு மணி நேரம் விட்டு மூன்றாவது முறை. ஒவ்வொரு தடவையும் டேங்க்கிலிருந்து மையை உறிஞ்சித் துளைகள் வழியாக வெளியே தள்ளும். அந்த மை மெஷின் அடியில் இருக்கும் ஒரு பஞ்சுக்குள் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிரம்பினாலும் மெஷின் நின்றுவிடும், என் மாடலில் அதை நாமே மாற்றவும் முடியாது. புதிய மாடல்கள் சிலவற்றில் கழற்றி மாற்றும் பெட்டியாக வைத்திருக்கிறார்கள், அது நல்ல முன்னேற்றம். எனக்குக் கறுப்பு திரும்பி வந்தது, மஞ்சள் வரவே இல்லை. ஆறு மாதத்தில் கறுப்பும் மறுபடி மக்கர். சர்வீஸ்காரர் வந்து பார்த்து, ஹெட்டை மாற்ற வேண்டும் என்றார். சொன்ன தொகை பிரின்டர் விலையில் பாதியை நெருங்கியது. டேங்க்கில் நான்கு வண்ணமும் பாதிக்கு மேல் ததும்பிக்கொண்டு இருந்தது. பத்துப் பைசா மை!

லேசரின் சங்கதி வேறு. நாம் 'ஜெராக்ஸ்' என்று பொதுப்பெயராகவே ஆக்கிவிட்ட சொல்லுக்குள் கிரேக்க மொழியின் 'உலர்ந்த' என்ற சொல் இருக்கிறது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் ஈரமே இல்லாமல் பிரதி எடுத்துக் காட்டினார். பின்னாளில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் அதே முறையில் லேசர் ஒளியை நுழைத்துச் செய்ததுதான் லேசர் பிரின்டர். உருளையில் மின்னேற்றம், அதில் ஒளியால் எழுத்து, எழுத்தில் ஒட்டும் பொடி. கடைசியில் அந்தப் பொடியைச் சூட்டில் உருக்கிக் காகிதத்தோடு பிடிக்க வைக்கிறது. பொடி ஏற்கெனவே உலர்ந்தது, காய்ந்து போக அதில் ஒன்றுமில்லை. போன கோடையிலும் மாமா மெயினை அணைத்தார். ஜூனில் வந்து போட்டதும் முதல் பக்கமே பளிச். பக்கம் சுடச்சுட வெளியே வரும், சின்னவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

ணகரச் சுழியும் ஐகாரக் கொம்பும் மலிவுத் தாளில்கூடத் தெளிவாக விழுகின்றன. ஐப்பசி மழையில் பை நனைந்தபோது, பெரியவன் ப்ராஜெக்ட்டில் பேனாவால் எழுதியதெல்லாம் கரைந்தது, அச்சு அப்படியே நின்றது.

கலர் இல்லையே என்பதுதான் பெரிய கேள்வி. நானும் அதற்குத்தான் பயந்தேன். ஆனால் பிள்ளைகளோடு செய்யும் வேலைகளில் பாதிக்குமேல் கறுப்புக் கோடுகள்தான் வேண்டியிருக்கின்றன. வண்ணம் தீட்டும் படங்கள், நேர்ப்புள்ளிக்கும் ஊடுபுள்ளிக்கும் தனித்தனியாக அடித்துக்கொண்ட கோலப் புள்ளித்தாள்கள், நான்கு தாளை ஒட்டிச் செய்த பரமபதம். காணும் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் கூடியபோது அறுபது தம்போலா சீட்டு அடித்தேன். பரமபதத்தில் பாம்புகளுக்குப் பிள்ளைகளே வண்ணம் தீட்டினார்கள். ஒரு பாம்புக்கு மாமாவின் மீசை!

உலக வரைபடம், உடல் உறுப்புகள் போன்ற கலர் சமாசாரத்துக்கு ஜெராக்ஸ் கடைதான். "வீட்லயே பிரின்டர் இருக்குன்னீங்களேம்மா?" என்று கடைக்கார அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்பார். கலர் லேசர் வாங்கலாமே என்றால், நான்கு டோனர் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போகவில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

லேசரில் எனக்கு உறுத்துவது மின்சாரம். பொடியை உருக்கும் பகுதி சூடாகும்போது சட்டென்று பல நூறு வாட் இழுக்கிறது. கரன்ட் போனபோது தெரியாமல் பிரின்ட் கொடுத்தேன், எங்கள் 850 விஏ இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றேவிட்டது. பிறகு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்குக்கு மாற்றினேன். மின்வெட்டு அதிகமுள்ள ஊரென்றால் இதை யோசியுங்கள். இங்க் டேங்க் டியூப்லைட் அளவுகூட இழுக்காது. இன்னொன்று, மெஷினோடு வந்த டோனர் எழுநூறு பக்கத்துக்கான அரைகுறை டோனர். அதில் ஒருமுறை வெளியில் பொடி நிரப்பிப் பார்த்தேன், பக்கமெல்லாம் சாம்பல் பூத்தது. டிரம் (மின்னேற்றம் பெறும் அந்த உருளை) எனக்கு இன்னும் மாற்றும் நிலைக்கு வரவில்லை. சில மாடல்களில் அது டோனரோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தஞ்சாவூரில் நாத்தனார் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். நாற்பது பிள்ளைகள், தினமும் தேர்வுத்தாள், ஞாயிறுகூட ஓய்வில்லை. அவருடைய இங்க் டேங்க் நான்கு வருடமாக ஒரு சிணுங்கல் இல்லாமல் ஓடுகிறது. போன மாதம் பேசும்போது, லேசருக்கு மாறலாமா என்று கேட்டார். "அண்ணி, நீங்க அதைத் தொடவே தொடாதீங்க" என்றேன். எங்கள் பழையது அலமாரி மேல் இருக்கிறது. அதன் ஸ்கேனர் மட்டும் கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் இப்போதெல்லாம் நானே சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறேன்.