சித்திரை நட்சத்திரத்துக்குச் சூடு எவ்வளவு? கிரேட்டிங்கோடு மூன்று வருஷம்

தேவகோட்டைப் பங்காளி போன வாரம் கேட்டான்: "நட்சத்திர வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிற அந்தக் கண்ணாடியை நானும் வாங்கட்டுமா?" மில்லிமீட்டருக்கு 100 கோடு போட்ட சின்ன கிரேட்டிங்தான். கானாடுகாத்தான் வீட்டு மாடியில், டெலஸ்கோப்பின் கேமரா முன்னால் அதைத் திருகி மூன்று வருஷமாகிறது. அதன் பொதுவிவரம் அவனுக்கே தெரியும். என்னைத் தூங்கவிடாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

சித்திரை நட்சத்திரம் ஏறக்குறைய 25,000 கெல்வின். எந்தச் சூட்டில் நட்சத்திர ஒளி எப்படி இருக்கும் என்று வானியலாளர் குரூச் கணக்கிட்ட மாதிரிகளில் 20,000, 25,000, 30,000 மூன்றையும் இறக்கி, நான் எடுத்த நிறமாலை மேல் போட்டால் எல்லாமே பொருந்துவதுபோல் இருக்கிறது! காரணம் புரிகிறது. அந்தச் சூட்டில் ஒளியின் உச்சம் 116 நானோமீட்டர் பக்கம், புற ஊதாவில் இருக்கிறது; நம் காற்று அதைக் கீழே விடாது. நமக்கு வருவது அந்த ஒளிவளைவின் வால் மட்டும், அதன் சரிவோ சூடு கூடினாலும் பெரிதாக மாறாது. புற ஊதாவைப் பிடிக்க 1978-இல் ஐ.யு.இ. என்ற செயற்கைக்கோளையே மேலே அனுப்ப வேண்டியிருந்தது.

இதில் கேமரா நீலத்தை எவ்வளவு விழுங்குகிறது என்று வேறு கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு, ஒளி எப்படி என்று முன்பே தெரிந்த அபிஜித்தை, அதாவது வேகாவை, சித்திரை நிற்கும் அதே உயரத்தில் எடுக்க வேண்டும். நடு மே மாதத்தில் இங்கே அது இரவு பன்னிரண்டே முக்கால். அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்தால் அன்றைய உழைப்பு போச்சு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் ஹைட்ரஜன் ஒளியை விழுங்கிய இடங்களில் நிறமாலையில் விழும் பள்ளங்கள்! 486, 434, 410 நானோமீட்டரில், சூடு குறைந்த வேகாவில் ஆழமாக, அகலமாக விழுகின்றன. சித்திரையில் அதே இடத்தில் லேசான குழிதான். சூடு ஏற ஏற ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழந்துவிடுகிறது. இதைக் கணக்கிட நம் இயற்பியலாளர் மேகநாத சாகா 1920-இல் எழுதிய சமன்பாடு என் மாடியிலேயே தெரிகிறது. பள்ளத்தைப் பக்கத்து ஒளியோடு ஒப்பிட்டால் போதும், கேமராவின் நீலக்குறை குறுக்கே வராது. 15,000 கெல்வின் மாதிரி அங்கேயே தோற்றுவிடுகிறது. ஒன்று மட்டும், பகல் வெயிலைக் குடித்த மாடித் தட்டோடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அனலில் நட்சத்திரம் கலங்கினால் பள்ளமும் மேவிவிடும்.

சரி, வாங்கலாமா? சூட்டைத் துல்லியமாக அளக்க என்றால் வேண்டாம், காசு வீண் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அப்போ உன்னுடையதைக் கொடு என்றான். அதைத் தர முடியாது. மே மாதம் இங்கே வந்து பார்க்கட்டும்.